வாங்கினவங்களைக் கேளுங்க

1

இந்தக் கதை எனக்குப் பின்சீட்டிலிருந்து கிடைத்தது. ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்கும் பஸ். கொண்டை ஊசி வளைவுகளில் எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயை மூடியிருக்க, பின்னால் ஒரு நர்ஸம்மா மட்டும் பக்கத்தில் இருந்தவரிடம் பேசிக்கொண்டே வந்தார்.

“கொழந்தைக்கு விலா உள்ள இழுக்குது. தூக்குடி, ஆஸ்பத்திரிக்குப் போலாம்ங்கறேன். அவ என்ன சொன்னாங்கறீங்க? ‘எங்கொழந்தை இல்லீங்க, வாங்கினவங்களைக் கேளுங்க’ன்னுட்டா!”

“அய்யய்யோ. அப்பறம்?”

அப்புறம் அடிவாரம் வந்துவிட்டது. இருவரும் இறங்கிவிட்டார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குக் கதைகள் குரலாகத்தான் வரும். முகத்தைப் பார்த்தால் குரல் போய்விடும். ஆகவே இனி வருவதெல்லாம் நான் கேட்டது அல்ல, எனக்குக் கேட்பது.

2

முதல் தொடக்கம்: ‘1984ஆம் ஆண்டு, சேர்வராயன் மலையில் பனி இறங்கியிருந்த ஒரு காலையில், கொட்டச்சேட்டில் அத்தாயி என்ற தாய்’

நிறுத்திவிட்டேன். அந்தக் கடைசிச் சொல்லை எழுதியிருக்கக் கூடாது.

அத்தாயிக்கு முதலில் பிறந்த இரண்டும் நடை பழகும் முன்பே போய்விட்டன. மூன்றாவது பிறந்ததும் உறவுக்காரர்கள் கூடி, ஒரு முறம் தவிட்டை வாங்கிக்கொண்டு குழந்தையை விற்றுவிட்டார்கள். வாங்கியவர் ஏற்காட்டுக் கடைவீதியில் மளிகைக் கடை நடத்தும் ரஹமத் பீவி. ஆறு பெற்று ஆறும் உயிரோடு இருப்பவர். குழந்தை அத்தாயி வீட்டிலேயே வளரும், அவளிடமே பால் குடிக்கும். ஆனால் அவளுடையதல்ல. முதல் இரண்டையும் கொண்டுபோனது எதுவோ, அது மறுபடி தேடி வந்தால் ‘இவளுக்குப் பிள்ளையே இல்லை’ என்று ஏமாந்து திரும்ப வேண்டும். அதுதான் ஏற்பாடு.

(ஆகவே நானும் அவளை இனி அந்தச் சொல்லால் குறிப்பிடப்போவதில்லை. மேலே ஒருமுறை எழுதிவிட்டேன், அடித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். தேடி வரும் அதற்கு எழுதப் படிக்கத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. எதற்கு வம்பு?)

3

நர்ஸுக்கு லூர்துசெல்வி என்று பெயர் வைத்தேன். முதலில் அவளைப் பொறுமைசாலியாக எழுதினேன்; பேசவே மாட்டேன் என்றாள். கோபக்காரியாக்கியதும் பேச ஆரம்பித்தாள்.

ஊர் ஊராகப் போய்ப் பெண்களை உட்கார வைத்து ஒரே பாடத்தைத்தான் சொல்வாள். சளிக் காய்ச்சலில் மூச்சு வேகமாகி, விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் எனக்காகக் காத்திருக்காதீர்கள், தூக்கிக்கொண்டு ஓடுங்கள். ஒரு நர்ஸால் எத்தனை ஊரைப் பார்க்க முடியும்? அந்தப் பெண்களின் கண்களை நம்பித்தான் அவள் வேலையே நடந்தது. குழி விழுந்ததை அத்தாயி சரியாகவே பார்த்தாள். லூர்துசெல்விக்குச் சொல்லியும் அனுப்பினாள். நர்ஸ் வந்து நின்ற பிறகும் குழந்தையைத் தூக்காமல் உட்கார்ந்துவிட்டாள்.

“பாத்துட்டுத்தானே ஆள் அனுப்புனே? அப்பறம் ஏன் உக்காந்திருக்கே?”

“பாக்கச் சொன்னீங்க, பாத்தனுங்க. தூக்கறதுக்கு நான் யாருங்க? வாங்கினவங்களைக் கேளுங்க.”

“பெத்த…”

“வேண்டாமுங்க! அந்தப் பேச்ச இங்க பேசாதீங்க.”

“உனக்கென்ன பைத்தியமா? மூச்சப் பாரு அதுக்கு.”

“ரெண்டு தடவை தூக்கிட்டு ஓடுனனுங்க. ஆஸ்பத்திரி வாசல்ல ‘எம்புள்ளையக் காப்பாத்துங்க சாமி’ன்னு கத்துனேன். ஊருக்கே கேட்டுச்சுங்க. அதுக்கும் கேட்டுருச்சு. ரெண்டு தடவையும் வெறுங்கையோட ஊடு வந்தேன். இன்னொருக்காவும் கத்தச் சொல்றீங்களா?”

 

4

‘லூர்துசெல்வி குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.’

நல்ல வேகமான வாக்கியம். அதன்படி குழந்தை பிழைத்தும் விடலாம். ஆனால் அடுத்த மாதம் அவள் கொட்டச்சேட்டுக்குப் போகும்போது என் காதில் விழுவது இது: “நர்ஸம்மா வருது, புள்ளையத் தூக்கிட்டு உள்ள போடி!” ஊர் முழுக்கக் கதவு சாத்தும் சத்தம். கிழித்தேன்.

‘லூர்துசெல்வி ரஹமத் பீவியை அழைத்துவரப்’

போய்த் திரும்புவதற்குள் குழந்தை தாங்காது. அதையும் கிழித்தேன்.

(இரண்டு தாள் கிழிப்பதற்குள் அங்கே குழந்தை முனகத் தொடங்கிவிட்டது. நான் யோசிக்கும் நேரமெல்லாம் அதன் மூச்சிலிருந்துதான் போகிறது.)

“சரி. உன்னுது இல்ல, ஒத்துக்கறேன். அடுத்தவங்க பொருளு உன் ஊட்டுல கெட்டுப்போயிட்டிருக்கு. நாளைக்கு அவங்க வந்து கேட்டா என்ன சொல்லுவே?”

அத்தாயி குழந்தையின் பக்கம் திரும்பினாள்.

“கொண்டுபோய் ஒப்படைச்சுரு. ‘இந்தாங்க உங்க புள்ள, என்னால முடியல’ன்னு குடுத்துரு. அப்பறம் அவங்க பாடு.”

“ஒப்படைக்கலாமுங்களா?”

“ஏன், கூடாதா? கடை ஆஸ்பத்திரிக்குப் போற வழிலதான் இருக்கு. எஸ்டேட் ஜீப் மொளகு மூட்டை ஏத்திட்டு நிக்குது. எந்திரி.”

அத்தாயி எழுந்தாள்.*

* இந்த இடத்தில் ‘மூடநம்பிக்கையை அறிவு வென்றது’ என்று ஒரு வரி எழுதியிருந்தேன். யாரும் எதையும் வெல்லவில்லை. மூட்டைமேல் ஏறி உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான்.

5

“ஏன்டி அத்தாயி! எம்புள்ளைய இப்பிடியாடி வச்சிருக்கே? தவிட்டக் கொட்டி வாங்குனது, சும்மா வந்துச்சுன்னு நெனச்சியா?”

கடைவீதிக்கே கேட்கும் குரல் ரஹமத் பீவிக்கு. வேண்டுமென்றேதான் கத்துகிறார்; கேட்க வேண்டியதற்குக் கேட்கட்டும் என்று. கத்திக்கொண்டே குழந்தையை வாங்கித் தோளில் சாய்த்துக்கொள்கிறார்.

“உங்க சொத்து, உங்ககிட்டயே…”

“பேசாமப் பின்னால வா. பால் குடுக்க ஆளு வேணுமில்ல?”

பிறகு தணிந்த குரலில், லூர்துசெல்வியிடம் மட்டும்:

“பொழைச்சுக்குமாம்மா?”

“நடங்க, நடங்க.”

6

டாக்டர் மலைக்குப் புதியவர். கெட்டவராக எழுதிப் பார்த்தேன், வரவில்லை. குழந்தையைத் தொட்டதுமே ஊசி மருந்தை எடுக்கச் சொல்லிவிட்டார். உள் அறை சின்னது.

“அம்மா மட்டும் உள்ள வாங்க. மடியில வச்சுப் புடிச்சுக்கணும், முடிஞ்சா பால் குடுக்கணும். மத்தவங்க வெளிய. யாரு அம்மா?”

என்னிடம் மூன்று முடிவுகள் இருக்கின்றன.

(அ) “நாந்தான்” என்கிறார் ரஹமத் பீவி. டாக்டர் அவருடைய நரைத்த தலையைப் பார்க்கிறார். “பாட்டி, வெளையாட நேரமில்லீங்க.”

(ஆ) லூர்துசெல்வி விளக்குகிறாள். டாக்டர் புரிந்துகொள்வார். ஆனால் விளக்குவதென்றால் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும், அத்தாயி கேட்க. இனி எந்தக் குழந்தைக்காகவும் அவள் ஆள் அனுப்பமாட்டாள்.

(இ) அத்தாயி “நா

இல்லை. அந்த வார்த்தையை அவள் வாயில் வைக்க என்னால் முடியாது. பிறகு நடப்பதற்கு நானல்லவா பதில் சொல்ல வேண்டும்?

இதற்குமேல் எனக்கு யாரும் பேசுவது கேட்கவில்லை. மூன்று பெண்களின் மூச்சு கேட்கிறது. நாலாவதாக, வேகவேகமாக, ஒரு சின்ன மூச்சு.

டாக்டர் மறுபடி கேட்கிறார். இந்தத் தடவை அவர் பார்ப்பது உங்களை. விஷயம் முழுக்கத் தெரிந்தும், ஒரு முறம் தவிட்டுக்குக் கட்டுப்படாமலும் அங்கே நிற்பவர் நீங்கள் ஒருவர்தான். பேசாதீர்கள். சத்தமில்லாமல் அத்தாயியின் பக்கம் கையை மட்டும் நீட்டுங்கள்.