விறகு கேட்காத அடுப்பு

ரொட்டிக்காரரின் அடுப்பு பன்னிரண்டு வருடங்களுக்கும் மேலாக விறகில்லாமல் எரிகிறது. முதல் வருடம் ஊர் அதைப் பற்றி வாய் ஓயாமல் பேசியது. இரண்டாம் வருடம் ரொட்டி விலை பாதியானதும் பேச்சும் பாதியானது. மூன்றாம் வருடத்திலிருந்து யாரும் கேட்பதை விட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரயிலடிச் சாப்பாட்டுக் கடை எல்லாம் அங்கேதான் வாங்கின. மேலே மொறுமொறு, உள்ளே பஞ்சு, குறை சொல்ல வழியே இல்லை. விறகுக் கடைக்காரர் மட்டும் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு அவரும் கடையை மூடிவிட்டு ரொட்டி வாங்க வரிசையில் வந்து நின்றார்.

அடுப்பு தானாகப் பற்றிக்கொண்டது ஒரு செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்றரை மணிக்கு. அதே மூன்றரை மணிக்கு ரொட்டிக்காரர் நீதிமன்றத்தில் வேதப் புத்தகத்தின் மேல் கை வைத்து, மாவுக் கிடங்கின் காவல்காரனான தன் சொந்தத் தம்பி சிகரெட்டை அணைக்காமல் வீசியதைக் கண்ணால் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கிடங்கு எரிந்து, உள்ளே கண்ணயர்ந்திருந்த மூட்டை தூக்குபவர் ஒருவர் செத்துப்போயிருந்தார். தம்பி ஜென்மத்தில் சிகரெட்டைத் தொட்டதில்லை. கிடங்குச் சுவரோரம் கங்கோடு சாம்பலைக் கொட்டியது ரொட்டிக்காரர்தான். சாம்பலுக்குத் தண்ணீர் தெளித்து, விரலை விட்டுப் பார்த்த பிறகே கொட்ட வேண்டும் என்பது ரொட்டித் தொழிலில் முதல் நாள் பாடம். அன்று அவசரம், தெளிக்கவில்லை, அவ்வளவுதான். தம்பிக்குப் பன்னிரண்டு வருடம் சிறை கிடைத்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால், மூன்று நாளாக ஆறிக் கிடந்த அடுப்புக்குள் தீ நின்று எரிகிறது. மனைவி அவர் முகத்தையும் தீயையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நாலு குடம் ஊத்திட்டேன், அணையல. போயி உண்மையைச் சொல்லிடுங்க," என்றாள்.

"நாளைக்குச் சொல்றேன்," என்றார்.

அவளே ஒருமுறை நீதிமன்றத்துக்குப் போனாள். குமாஸ்தா ஆதாரம் என்ன என்று கேட்டார். அடுப்பு என்றாள். பேனாவை மூடி வைத்துவிட்டு அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அவரும் அந்த ரொட்டியைத்தான் தின்றுகொண்டிருந்தார்.

அடுப்பு உள்ளுக்குள் வளர்ந்தது. வெளியிலிருந்து பார்த்தால் அதே செங்கல், ஆள் குனிந்து நுழையக்கூடிய அதே வாய், பின்பக்கம் அதே சந்து, சந்தில் துணி காயப்போடும் கொடி. உள்ளே மட்டும் வருடத்துக்கு மூன்றடி பின்னால் தள்ளிப் போனது. ரொட்டியைத் தள்ளவும் எடுக்கவும் வைத்திருந்த மரத் துடுப்பின் கைப்பிடிக்குத் தச்சர் வருடாவருடம் ஒட்டுப் போட்டார். ஐந்தாம் வருடம் கைப்பிடி எதிர்ச் சுவரை இடித்தது. ஆறாம் வருடம் சுவரில் ஓட்டை போட்டார்கள். எட்டாம் வருடம் அது தெருவுக்கே வந்துவிட, சைக்கிளில் போகிறவர்கள் அந்த இடத்தில் குனிந்து போகப் பழகிக்கொண்டார்கள். பத்தாம் வருடம் தச்சர், "இதுக்கு மேல மரம் தாங்காதுங்க," என்று கையை விரித்துவிட்டார். மறுநாள் காலை ரொட்டிக்காரர் பழைய சின்னத் துடுப்பை எடுத்துக்கொண்டு அடுப்புக்குள் நடந்து போனார். ஒரு முடிகூடப் பொசுங்காமல் திரும்பி வந்தார். மனைவி, சுட்டிருந்தால் தேவலையே என்று அன்று முழுக்க அழுதாள்.

அவள்தான் பாதிரியாரைக் கூட்டிவந்தாள். பாவசங்கீர்த்தனமாக, அதாவது பாவத்தை அறிக்கையிடும் சடங்காகக் கேட்டதால், அவரால் அதை வெளியே மூச்சுவிட முடியாது. ரொட்டிக்காரர் எல்லாவற்றையும் சொன்னார். சொன்ன கையோடு கடவுள் மேலேயே வழக்கும் தொடுத்தார்.

"பொய்ச்சாட்சி சொல்லாதேன்னு கட்டளை போட்டவரு, நான் சொல்ல வந்தப்போ என் வாயை அடைச்சிருக்கலாமே சாமி?"

"அடைச்சிருந்தா நீயும் இந்தத் துடுப்பும் ஒண்ணுதான்," என்றார் பாதிரியார். "கட்டளை உன்னை மாட்டிவிட வெச்சதில்லப்பா. அவன் உனக்குத் தம்பியா இருக்கணும், நீ அவனுக்கு அண்ணனா இருக்கணும். அதுக்குத்தான்."

"அப்போ நரகம்?"

பாதிரியார் அடுப்புக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சட்டென்று முகத்தை இழுத்துக்கொண்டார். "நீ மாட்டேன்னு சொல்றதை அவரு கடைசி வரைக்கும் மதிச்சா, அதுக்குப் பேருதான் நரகம். முதல்ல போயி உன் தம்பியை வெளிய கொண்டு வா. பாவமன்னிப்பு அப்புறம்."

ரொட்டிக்காரர் சட்டைகூட மாற்றிக்கொண்டார். செருப்பை மாட்டும்போது ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து நூறு ரொட்டி கேட்டான். செருப்பைக் கழற்றிவிட்டுத் துடுப்பை எடுத்தார்.

பன்னிரண்டு வருடம் முடிந்து தம்பி வந்து சேர்ந்தபோது மதியம் இரண்டு மணி, கடையில் கூட்டமில்லை. தலை முழுக்க நரைத்திருந்தது. அண்ணிக்கு வணக்கம் சொன்னான், அடுப்பைப் பார்த்தான், ஆச்சரியப்படவில்லை.

"ஊருக்குச் சொல்ல வேணாம், கோர்ட்டுக்குச் சொல்ல வேணாம். அதெல்லாம் முடிஞ்சுபோச்சு. என்கிட்ட மட்டும் ஒரு தடவை சொல்லுண்ணே. நான் எல்லாத்தையும் மறந்துடறேன்."

'நான்தான்' என்ற ஒரே வார்த்தை ரொட்டிக்காரரின் தொண்டைக்கு ஏறியது. அது நாக்கை நோக்கி வர வர அடுப்பில் தீ இறங்கியது. இடுப்பளவிலிருந்து முழங்கால், முழங்காலிலிருந்து விளக்குத் திரி. பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாகக் கடைக்குள் குளிர்ந்த காற்று வந்தது. பின் சந்தில் யாரோ துணி உதறும் சத்தம்கூடக் கேட்டது. ரொட்டிக்காரர் தம்பியின் நரையைப் பார்த்தார். அவமானமாக இருந்தது. அந்த அவமானத்தைத் தாங்க முடியாமல், அதைக் கொண்டுவந்து எதிரே நிறுத்தியவன் மேல் கோபம் வந்தது. எச்சிலை விழுங்கினார். வார்த்தையும் கூடவே இறங்கிவிட்டது.

"ரொட்டி சூடா இருக்கு," என்றார். "ரெண்டு எடுத்துட்டுப் போ."

தீ பழையபடி எழுந்தது. அவர் துடுப்பை எடுத்துக்கொண்டு, "இதோ வர்றேன்," என்று உள்ளே போனார். பிறகு வரவில்லை.

அவர் எப்போது வேண்டுமானாலும் வெளியே வரட்டும் என்று, அடுப்புக் கதவை மனைவி கீலோடு கழற்றிப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டாள். ரொட்டி மட்டும் தினமும் வேளை தவறாமல் துடுப்பின் நுனியில் வெளியே வருகிறது. பிடித்திருக்கும் கை தெரிவதில்லை. தம்பி ஊரை விட்டுப் போகவில்லை. வருகிற ரொட்டியை அவன்தான் எடுத்து அடுக்குகிறான். கடைசி ரொட்டியும் வந்ததும் அடுப்பு வாயில் குனிந்து, "அண்ணே, உண்மையைச் சொல்லிட்டு வெளிய வாண்ணே," என்று கூப்பிடுகிறான். ரொம்ப தூரத்திலிருந்து, வருடத்துக்கு வருடம் இன்னும் தூரத்திலிருந்து, "நாளைக்கு" என்று பதில் வருகிறது. வரிசையில் நிற்பவர்களுக்கு அது பழகிவிட்டது. அந்தக் குரல் கேட்டதும் பையைத் திறந்து நீட்டுகிறார்கள்.