கரண்ட் அக்காவின் வீட்டுக்காரர்

சாவியை வேலை செய்த கட்டடத்திலேயே விட்டுவிட்டு வந்ததால், அன்று அவர் தன் வீட்டு அழைப்புமணியைத் தானே அழுத்த வேண்டியதாயிற்று. மாலை ஐந்தரை இருக்கும். உள்ளே காலடிச் சத்தம் நடந்து வந்து கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது. "யாரு?" என்று கேட்டது ஓர் ஆண் குரல்.

மாடி மாறி இறங்கிவிட்டோமோ என்று கதவிலக்கத்தைப் பார்த்தார். முப்பது வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவர், மற்றவர்களை ஏற்றி இறக்குவதே பிழைப்பு. அவருக்கு மாடி தப்பாது. இலக்கம் சரியாகத்தான் இருந்தது. "யாருன்னு கேக்கறேன்ல?" என்று குரல் மறுபடியும் அதட்டியது. கனத்த குரல், அடித்தொண்டையில் சரளைக்கல் உருள்வது போல. தெரியாத குரலாக இருந்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டார். பத்து வருடத்துக்கு முன்னால் இதே வீட்டின் உள்ளறையில் படுத்த படுக்கையாகக் கிடந்து போய்ச் சேர்ந்த அவருடைய அப்பா, யாராவது மணியடித்தால் இப்படித்தான் கேட்பார்.

கதவு திறந்தது. மனைவி நின்றுகொண்டிருந்தாள், கையில் பாதி மடித்த துண்டு.

அவர் அவளைத் தாண்டி உள்ளே போனார். கூடத்தைப் பார்த்தார், உள்ளறையைப் பார்த்தார், குளியலறைக் கதவைக்கூடத் தள்ளிப் பார்த்தார்.

"யாரைத் தேடறீங்க?"

"யாரோ பேசின மாதிரி இருந்துச்சு."

"நாந்தான் பேசினேன்" என்றாள். அவள் உதடுகள் அசைந்தன. குரல் அங்கிருந்துதான் வந்தது.

அவளுக்குத் தொண்டை கட்டி இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. வெந்நீர், உப்பு, மாத்திரை எல்லாம் ஆயிற்று. நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியதால் பக்கத்திலேயே இருந்தவருக்கு அது உறைக்கவில்லை. முகத்தோடு சேர்த்துக் கேட்டபோது அது சளி. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, முகமில்லாமல் கேட்டபோதுதான் வேறு யாரோ.

அவளுக்குக் குரல்தான் பிழைப்பு. மின்சாரப் புகார் மையத்தில் இருபத்து நாலு வருடமாகத் தொலைபேசி எடுக்கிறாள். கரண்ட் போய் இருட்டில் உட்கார்ந்து, ஆத்திரத்தோடு கூப்பிடுகிறவர்களிடம் அவள் "சொல்லுங்க, எந்தத் தெரு?" என்று ஆரம்பித்தால் பாதிப் பேருக்குக் கோபம் அங்கேயே இறங்கிவிடும். முகம் பார்த்தறியாதவர்கள் அவளுக்கு 'கரண்ட் அக்கா' என்று பேர் வைத்திருந்தார்கள். ஒருமுறை பக்கத்து மாடிக்காரர் அவரை யாருக்கோ அறிமுகம் செய்தபோது, "இவரு கரண்ட் அக்காவோட வீட்டுக்காரர்" என்றார். அவருக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

போன வருடம் அவருக்கு ஐம்பத்து மூன்று முடிந்தது. மொட்டை மாடியில் இருக்கும் மோட்டார் அறைக்குக் கடைசிப் படிகள் ஏறும்போது மூச்சு வாங்கியது. எதிலும் பிடிப்பில்லை. மனைவி பக்கத்தில் வந்து படுத்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் ஒன்றும் கேட்கவில்லை, கேட்காததுதான் குத்தியது. யாரிடமும் சொல்லாமல் தனியார் கிளினிக் ஒன்றுக்குப் போனார். ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்றார் டாக்டர். இளவயதுக்காரர், கண்ணைப் பார்த்துப் பேசினார். ஒரு ஜெல் எழுதிக் கொடுத்தார். தினம் ஒரு பாக்கெட், தோளிலும் மேற்கையிலும் தடவ வேண்டும், காய்ந்ததும் சட்டை போட வேண்டும். "அதுக்கு முன்னாடி புராஸ்டேட்டுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை. மூணு மாசம் கழிச்சு மறுபடியும் கட்டாயம் வந்து எடுக்கணும். குடும்பத்துல யாருக்காவது புராஸ்டேட் புத்துநோய் இருந்திருக்கா?"

"இல்ல" என்று சொல்லிவிட்டார்.

அப்பாவுக்கு இருந்தது. அது முதுகெலும்புக்கு ஏறிய பிறகுதான் தெரிந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வயிற்றில் ஊசி போட்டார்கள். இதே ஹார்மோனை அடியோடு நிறுத்துகிற ஊசி. ஊரையே அதட்டிய மனிதருக்குக் கன்னம் பஞ்சு மாதிரியாயிற்று. மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தும் வியர்வை ஆறாக ஓடியது. டிவியில் ஏதாவது குழந்தை அழுதால் அவரும் அழுதார். குரல் மட்டும் கடைசிவரை அப்படியே இருந்தது. அந்த மெத்தென்ற உடம்புக்குள்ளிருந்து அந்தக் குரல் வருவது, பூட்டிய அறைக்குள் யாரோ மாட்டிக்கொண்டு கத்துவது போலிருக்கும். அதையெல்லாம் டாக்டரிடம் சொன்னால் மருந்து கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்தார். முதல் பரிசோதனை நன்றாகவே வந்தது. மூன்று மாதம் கழித்துப் போகவில்லை. பார்த்தால்தானே இருக்கும் என்று ஒரு கணக்கு. பாக்கெட்டுகளைக் கடையில் பழைய சீட்டைக் காட்டியே வாங்கிக்கொண்டார்.

வேலைவிட்டு வந்து கிரீஸ் போகக் குளித்ததும், கதவைச் சாத்திக்கொண்டு தடவுவார். வீட்டில் கையில்லாத பனியன்தான் போடுவது. பிறகு சோபாவில் உட்கார்ந்தால் மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தோளில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டே டிவி பார்ப்பாள். கல்யாணமான நாளிலிருந்து உள்ள பழக்கம். பாதி நாள் அப்படியே தூங்கியும் போவாள். மருந்து வேலை செய்தது. படிகளை இரண்டிரண்டாக ஏறினார். "என்ன, மாப்பிள்ளைக்கு இப்பதான் வயசு திரும்புதா?" என்று அவள் கேலி செய்தாள், அப்போது அவள் குரல் சரியாகத்தான் இருந்தது.

கதவைத் திறந்த அந்த மாலைக்குப் பிறகு அவரால் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. கண்ணாடி முன்னால் நின்று மோவாயில் எதையோ பிடுங்கிக்கொண்டிருந்தவள் அவரைக் கண்டதும் கையை மறைத்தாள். இரண்டு பேர் தூக்கும் காஸ் சிலிண்டரை ஒற்றையாளாகத் தூக்கி வைத்தாள். ஒரு தட்டு உடைந்ததற்கு, அக்கம்பக்கம் கதவு திறக்கும்படி கத்தினாள், பிறகு தன் சத்தத்துக்குத் தானே மிரண்டவள் போல வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தலையணை உறையில் அவருடைய வாடையே அடித்தது. ஒருநாள் அவள் உள்ளறையிலிருந்து, "கொஞ்சம் தண்ணி கொண்டாங்க" என்று கூப்பிட, அவர் யோசிக்காமல், "இதோ வரேம்ப்பா" என்று எழுந்துவிட்டார். தண்ணீரோடு போய் நின்றபோது அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப என்னை என்னன்னு கூப்பிட்டீங்க?"

அவர் தம்ளரை வைத்துவிட்டு வந்தார்.

ஒரு சனிக்கிழமை வேலை முடிந்து வந்தவள் பையைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்தாள். தினமும் கூப்பிடுகிற பெரியவர் ஒருவர் உண்டு. தனியாள், ஃப்யூஸ் போனாலும் கூப்பிடுவார், போகாவிட்டாலும் கூப்பிடுவார்.

"இன்னிக்கு அவர் கேக்கறார், 'தம்பி, அங்க ஒரு அம்மா பேசுவாங்களே, கரண்ட் அக்கா, எங்க ஆளையே காணோம்?'ங்கறார். நாந்தான் அதுன்னு சொன்னா நம்ப மாட்டேங்கறார். 'ஏன் தம்பி கிழவன்கிட்ட விளையாடறே'ங்கறார்."

"அப்புறம்?"

"அவங்க போயிட்டாங்கய்யான்னு சொல்லிட்டேன். அழுதுட்டார்." அவள் தன் கைகளைப் பார்த்தாள். "சொன்னதுக்கப்புறம் எனக்கும் அப்படித்தான் தோணுது."

திங்கட்கிழமை தொண்டை டாக்டரிடம் போனார்கள். குரல்நாண் தடித்திருக்கிறது, ஆனால் சதை வளர்ச்சி எதுவும் இல்லை என்று அவர் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார். அங்கே ஹார்மோன் டாக்டர், நடுவயதுப் பெண்மணி, ரத்த அறிக்கையை இரண்டு முறை படித்தார். பேர் மாறிவிட்டதா என்று கீழே ஆய்வகத்துக்குப் போன் போட்டுக் கேட்டார். பிறகு சொன்னார்: "அம்மா, உங்க உடம்புல ஆம்பளைங்க அளவுக்கு டெஸ்டோஸ்டிரோன் இருக்கு. எங்கிருந்து வருதுன்னு பாக்கணும். வீட்ல யாராவது ஹார்மோன் ஜெல், கிரீம்னு ஏதாவது தடவறாங்களா?"

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் குரலில் அந்தச் சிரிப்பு. "இவரா? இவரு தலைக்கு எண்ணெயே தடவ மாட்டாரு டாக்டர்."

டாக்டர் அவரைப் பார்த்தார். "இல்ல" என்றார் அவர். அந்த ஒரு சொல் அவருக்கு இரண்டாம் முறையும் அவ்வளவு சுலபமாக வந்தது.

மறுநாள் பதினாலு மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில், மோட்டார் அறையில், டூல்ஸ் பையின் அடியிலிருந்து மருந்தோடு வந்த காகிதத்தை எடுத்து டார்ச் வெளிச்சத்தில் முதல் தடவையாக முழுவதும் படித்தார். தடவிய இடத்தைப் பெண்களும் குழந்தைகளும் தொடக்கூடாது. தொட்டால் முகத்தில் முடி, குரல் மாற்றம். டாக்டரும் இதைச் சொல்லியிருக்க வேண்டும். காதில் வாங்கியதாக நினைவில்லை. பக்கத்தில் இரும்புக் கயிறுகள் மேலும் கீழும் ஓடிக்கொண்டிருந்தன. தினமும் ஏதோ ஒன்று தன் தோளிலிருந்து அவள் கன்னத்துக்குச் சத்தமில்லாமல் நடந்து போயிருக்கிறது என்று நினைத்தபோது அவருக்கு மேலெல்லாம் ஊர்ந்தது. மிச்சப் பாக்கெட்டுகளைக் குப்பையில் போட்டார். நிறுத்தியாயிற்று, தானாகச் சரியாகிவிடும், எதற்கு வீணாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். அன்று மாலையிலிருந்து சோபாவில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார். அவள் அதற்கு வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டாள்.

ஸ்கேனில் சூலகத்தில் சின்னதாக ஒரு நிழல் தெரிந்தது. அதுதான் சுரக்கிறது போலிருக்கிறது, கட்டியாகவும் இருக்கலாம், இந்த வயதில் இரண்டு சூலகத்தையும் எடுத்துவிடுவது நல்லது என்றார்கள். பதினைந்து நாள் கழித்துத் தேதி. அந்தப் பதினைந்து நாளும் அவர் வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டே இருந்தார். சாப்பிடும்போது சொல்லலாம் என்று நினைப்பார். அவள் ஏதாவது பேசுவாள். அந்தக் குரலைக் கேட்டதும் சின்ன வயதில் திருடி மாட்டிக்கொண்டவன் மாதிரி நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அட்மிஷன் கவுன்டரில் சம்மதப் படிவத்தை நீட்டினார்கள். அவள் பேனாவின் மூடியைக் கழற்றினாள். அவர் படிவத்தின் மேல் கையை வைத்தார்.

"கையெழுத்துப் போடாத. அது உன்னோடது இல்ல. என்னோடது."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்ததால் இருவரும் ஓரமாகப் போய் நின்றார்கள். அங்கேயே நின்றுகொண்டு சொன்னார். பாக்கெட், தோள், பனியன், எல்லாம். முடிந்ததும் பேனாவை மூடினாள்.

"எத்தனை நாளா?"

"பத்து மாசம்."

"டாக்டரம்மா கேட்டாங்களே. அன்னிக்கே தெரியுமா?"

"மறுநாள் தெரிஞ்சுது."

"எனக்குப் புத்துநோய்னு நினைச்சு என் துணிமணியெல்லாம் பிரிச்சு வச்சிருக்கேன், எது எது யார் யாருக்குன்னு. நீங்க பக்கத்து அறையில உக்காந்து செய்தி பாத்துட்டு இருந்தீங்க." அவள் கத்தவில்லை. கத்தாமலே அந்தக் குரல் தூரத்துக்குக் கேட்டது. எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெண் நிமிர்ந்து, குரல் வந்த இடத்தில் ஆணைத் தேடி, அவரைப் பார்த்தாள்.

ஆபரேஷன் நிறுத்தப்பட்டது. அந்த நிழல் வெறும் நீர்க்கட்டிதான். ஜெல் நின்று சில வாரமாகிவிட்டதால் அவள் ரத்தத்தில் அளவு ஏற்கெனவே பாதிக்குமேல் இறங்கியிருந்தது. முடி குறையும், கோபம் குறையும் என்றார் ஹார்மோன் டாக்டர். "குரல்?" என்று அவள் கேட்டாள். டாக்டர் பேனாவை உருட்டினார். "தடிச்சது தடிச்சதுதாம்மா. கொஞ்சம் தெளியலாம். பழையபடி வரும்னு சொல்லமாட்டேன்." பிறகு அவர் பக்கம் திரும்பினார். "உங்க குடும்பத்துல..."

"இவங்கப்பா புராஸ்டேட் புத்துநோய்லதான் போனாரு" என்றாள் மனைவி, அவர் வாயைத் திறக்கும் முன்.

அன்றே அவருக்கு ரத்தம் எடுத்தார்கள். பத்து மாதத்துக்கு முன் இரண்டாக இருந்த பி.எஸ்.ஏ., புராஸ்டேட் சரியாக இருக்கிறதா என்று காட்டும் அளவு, இப்போது ஏழரை. ஜெல்லால்தான் என்று சொல்ல முடியாது, ஆனால் அப்பாவைப் பற்றித் தெரிந்திருந்தால் இவ்வளவு அசட்டையாக விட்டிருக்க மாட்டார்கள் என்றார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். ஊசியால் பன்னிரண்டு இடத்தில் சதையெடுத்து அனுப்பினார்கள். முடிவு வரப் பத்து நாள் ஆகும்.

அந்தப் பத்து நாளும் வீடு ரொம்பச் சத்தமில்லாமல் இருந்தது. அவள் உள்ளறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டாள். வேலைக்குப் போனாள், 'சார்' என்று கூப்பிட்டவர்களை இப்போது திருத்துவதில்லை. அவர் ஷேவ் செய்யும்போதெல்லாம் கன்னத்தை அழுத்திப் பார்த்துக்கொண்டார், மெத்தென்று ஆகிவிட்டதா என்று. ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே கேட்டார்: "எனக்கும் அந்த ஊசி போட்டுட்டாங்கன்னா?"

"போட்டா போடட்டும். வீட்ல ஒரு ஆம்பளைக் குரல் இருக்குல்ல."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபடி நிமிர்ந்தார். அவள் சிரிக்கவில்லை, அவர் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டாள்.

பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நல்ல வெயில். முகம் முழுக்க நுரையோடு அவர் கண்ணாடி முன்னால் நின்றிருந்தபோது கூடத்தில் அவருடைய போன் அடித்தது. அவர் கையைத் துடைப்பதற்குள் மனைவி எடுத்துவிட்டாள்.

"ஹலோ" என்றாள். எதிர்முனையில் ஏதோ கேட்டார்கள். அவள் திரும்பி, குளியலறை வாசலில் நின்ற அவரைப் பார்த்தாள். பார்வையை எடுக்காமலே, "ஆமா, நான்தான் பேசறேன்" என்றாள்.

அவர் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. சதைப் பரிசோதனை முடிவைச் சொல்லுமுன் ஆஸ்பத்திரியில் பிறந்த தேதி கேட்டிருப்பார்கள் போலும். அவருடைய தேதியைத் தடுமாறாமல் சொன்னாள். அப்பா பேரைக் கேட்டார்கள்; அதையும் சொன்னாள். அந்தப் பேர் அந்தக் குரலில் ஒலித்தபோது அவருக்குப் பின்கழுத்து சில்லிட்டது. பிறகு எதிர்முனை நீளமாகப் பேச ஆரம்பித்தது. அவள் போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள். "ம்" என்றாள். கொஞ்சம் கழித்து இன்னொரு "ம்". அவர் கன்னத்தில் நுரை காய்ந்து தோலை இழுத்தது. துடைக்கக் கை வரவில்லை.

"சொல்லுங்க, கேட்டுட்டுதான் இருக்கேன்" என்றாள் அவள், யாருக்கோ தைரியம் சொல்வது போல. சொல்லிக்கொண்டே, பக்கத்திலிருந்த நாற்காலியைக் காலால் மெல்ல அவர் பக்கம் தள்ளினாள்.