சயான் முகவரி

இசக்கிசெல்வி ஆள் சேர்க்கும் பிரிவிலிருந்து எச்.ஆர். எக்ஸிகியூட்டிவ் ஆகி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. மும்பை செம்பூரில் ஒரு இன்சூரன்ஸ் கால் சென்டருக்கு நான்கு வருடமாக அவள்தான் ஆள் பிடித்துக் கொடுத்தாள். சேர்ந்தவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்பது அவள் மேஜைக்கு வந்ததில்லை. இப்போது வந்தது. முதல் கோப்பில் இருந்த பெயர் மாரீஸ்வரன்.

"சேர்க்கறது பாதி வேலைதாம்மா. அனுப்பறதையும் கத்துண்டாத்தான் எச்.ஆர்.," என்றார் மேலாளர் பஞ்சாபகேசன். "விசாரணையை நீயே நடத்து. நான் பக்கத்திலே இருக்கேன். இதைப் பார்த்துட்டுத்தான் உன் கன்ஃபர்மேஷனுக்கு எழுதணும்."

விஷயம் சின்னது. மாரீஸ்வரன் கொடுத்திருந்த முகவரியைச் சரிபார்க்க ஏஜென்சிக்காரன் போயிருக்கிறான். சயானில் ஒரு கட்டடம், மூன்றாவது மாடி. கதவைத் திறந்த குஜராத்தி அம்மாள், அப்படி யாரும் இங்கே இல்லை என்று சொல்லிவிட்டாள். மாரீஸ்வரனின் அத்தை அந்த வீட்டில்தான் பாத்திரம் தேய்க்கிறாள். அது இசக்கிசெல்விக்குத் தெரியும். தாராவியில் அவள் வீட்டிலிருந்து இரண்டு சந்து தள்ளி அவன் வீடு. எட்டு மாதத்துக்கு முன் பயோடேட்டாவோடு வந்தவனிடம், "தாராவின்னு போடாதல, பாத்த ஒடனே ஓரமா வச்சிருவானுவ. சயான்னு போடு. தெரிஞ்ச வீடு எதாவது இருக்கா?" என்று கேட்டவளே அவள்தான். அந்தச் சந்துகளில் ஆபீஸ் வேலைக்குப் போகிறவர்கள் பலரும் அப்படித்தான் எழுதினார்கள். அவளும் அப்படி எழுதித்தான் உள்ளே வந்தாள். அப்போது வீடு தேடிப் போய்ப் பார்க்கும் வழக்கம் வரவில்லை.

மாரீஸ்வரன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். இசக்கிசெல்வி அக்காவைப் பார்த்ததும் அவன் முகம் தெளிந்தது. அவள் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டு, "உட்காருங்க" என்றாள். அவளிடமிருந்து அந்த மரியாதையை அவன் அதுவரை கேட்டதில்லை. மெதுவாக உட்கார்ந்தான்.

"இந்த முகவரியிலே நீங்க குடியிருக்கீங்களா?"

"இல்ல... மேடம்."

பஞ்சாபகேசன் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்ப்பா, நன்னா வேலை பார்க்கறேன்னு உங்க டீம் லீடர் சொல்றார். எதுக்கு இந்தப் பொய்? யாராவது எழுதச் சொன்னாளா? இருந்தா இப்பவே சொல்லிடு. உனக்கு ஒரு வார்னிங்கோட முடிச்சுடலாம்."

இசக்கிசெல்வியின் விரல்கள் விசைகளின் மேல் நின்றன. நான்தான் சார் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அவன் பேசிவிட்டான்.

"யாரும் சொல்லல சார். நானேதான் எழுதுனேன்."

அதை அவள் டைப் செய்தாள். ஒரு எழுத்துப் பிசகவில்லை.

அதிலும் வேலைநீக்கக் கடிதத்திலும் அவன் கையெழுத்துப் போட்டதும் பஞ்சாபகேசன் எழுந்தார். "முதல் கேஸ், சுத்தமா பண்ணிட்டே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து எடுத்து மாரீஸ்வரன் மேஜையில் வைத்தான்.

"ஏம்ல சொல்லல?" அவள் கேட்டாள்.

"சொன்னா ஒங்க வேலையும் போவும். எங்க சந்துப் பிள்ளையள பொறவு யாரு உள்ள விடுவா? விடுங்கக்கா, கவலப்படாதிய, டென்ஷன் நை லேனேகா."

"குர்லாவுல எனக்குத் தெரிஞ்ச கம்பெனி இருக்கு. நாளைக்கே பேசுதேன்."

"பேசுங்கக்கா." கொஞ்சம் யோசித்தான். குத்திக்காட்டக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். "அங்க என்ன அட்ரஸ் போடணும்?"

அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தான். அவள் எழுந்து பின்னாலேயே போனாள். லிஃப்டுக்குப் பத்தடி இருக்கும்போது அவன் திரும்பிப் பார்த்து, தாழ்ந்த குரலில் சொன்னான்.

"இதுக்கு மேல வராதிய. கேமரா இருக்கு."

அவள் நின்றுவிட்டாள்.