விதி காத்த கணவர்

அணுக்கருவுக்குள் இருக்கும் குவார்க்குகள் என்ற நுண்துகள்கள் ஒன்றோடொன்று எவ்வளவு கலக்கின்றன என்று அளப்பது கணவரின் தொழில். ஏன் அவ்வளவு கலக்கின்றன என்று விளக்குவது மனைவியின் தொழில். குவார்க்குகளின் நிறைகளை மட்டும் கொண்டு அந்தக் கலப்பின் அளவைக் குறிக்கும் ஒரு கோணத்தை முன்கூட்டியே கணிக்கும் மாதிரியைப் பல்லாண்டு உழைத்து அவள் உருவாக்கியிருந்தாள். அதே கோணத்தைக் கணவரின் குழு அன்று அளந்து முடித்திருந்தது. முடிவு வெளியாகும்வரை வீட்டிலும் வாய் திறக்கக் கூடாது என்பது குழுவின் விதி.

வீடு திரும்பிய கணவர், ஒருவரும் சொல்லாமலே பாத்திரம் தேய்த்தார். பிறகு அடுப்பைத் துடைத்தார்.

“என்னங்க, என் கணிப்புலேர்ந்து ரொம்ப விலகிடுச்சா?”

“நான் எதுவும் சொல்லக் கூடாதும்மா.”

“வாயத் திறக்க வேண்டாம். தலைய மட்டும் ஆட்டுங்க.”

“ஆட்டினாலும் சொன்னதாத்தான் கணக்கு” என்றவர், அவளுடைய துணிகளை மடிக்கத் தொடங்கினார்.

பாத்திரத்தோடு நின்றிருந்தால் மாதிரியைத் திருத்திக்கொள்ளலாம். அடுப்போடு நின்றிருந்தால் புதிய துகள் ஒன்றைச் சேர்த்துச் சமாளிக்கலாம். துணி மடிப்புக்குப் பரிகாரமே கிடையாது.

“அப்போ நாளைக்குக் கருத்தரங்குல என் மாதிரியப் பத்தி நான் பேசப்போறதில்ல.”

“ஐயோ, நீ நிறுத்தினா நான்தான் உளறிட்டேன்னு என்னைத் தொலைச்சிடுவாங்க!”

ஆகவே மறுநாள் அவள் மேடையேறி, தன் மாதிரியின் மேன்மைகளை ஒன்று விடாமல் விளக்கினாள். கணவரின் குழுவினர் அனைவரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தனர். கணவர் மட்டும் எழுந்து நின்று கைதட்டினார்.