தகவலுக்கு மட்டும்

புதிய பேருந்து நிலையத்தின் கூரைக்காகத் தொழிற்சாலையிலிருந்து வந்த முப்பத்தாறு இரும்பு பீம்களில் ஒன்றுக்கு எடை இல்லை. வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு லாரியில் சங்கிலியை அவிழ்த்ததும் அது தானாக எழுந்து ஓர் ஆள் உயரத்தில் நின்றுகொண்டது. பன்னிரண்டு மீட்டர் நீளம், மற்றவற்றைப் போலவே செங்காவிப் பூச்சு, முனைகளில் துளைகள், எல்லாம் சரியாகத்தான் இருந்தன. சைட் சூப்பர்வைசர் அதை இரண்டு கயிறுகளால் வாசல் கம்பத்தில் கட்டிவிட்டு, சரக்குப் பதிவேட்டில் 'பீம் 36, சேதமில்லை, ஒன்று மிதக்கிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கிரேன் ஓட்டுநருக்குத்தான் கோபம். தன்னை வேலையை விட்டுத் தூக்கத்தான் இந்த ஏற்பாடு என்று நினைத்து, மத்தியானம் வரை அவர் யாருக்கும் முகம் கொடுக்கவில்லை.

சூப்பர்வைசர் டீட்டெய்லருக்குப் போன் செய்தார். "மேடம், ஒரு பீம் கீழ நிக்க மாட்டேங்குது. காத்தடிச்சா கேட்டையும் சேத்து இழுக்குது. திருப்பி அனுப்பலாம்னா லாரிக்காரர் ஏத்த மாட்டேங்கறார். நீங்களே வந்து பாருங்க."

கட்டடம் நிற்குமா நிற்காதா என்று கணக்குப் போடுவது ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர். அவர் சொன்ன இரும்பை எங்கே வெட்டுவது, எங்கே துளை போடுவது, எந்த போல்ட்டை எந்தப் பக்கமிருந்து முடுக்குவது என்று துண்டு துண்டாகப் படம் போட்டுத் தொழிற்சாலைக்குக் கொடுப்பவர் டீட்டெய்லர். அந்த ஊரில் எஞ்சினியர் அண்ணன், டீட்டெய்லர் தங்கை. அவன் அலுவலகம் வங்கிக்கு மேல் மாடி. அவளுடையது இரண்டு தெரு தள்ளி, மருந்துக் கடைக்கு மேல். இருவரும் பேசி ஒன்பது வருடம் ஆகிறது.

சண்டைக்குக் காரணம் ஒரு சாண் இரும்பு. தாளில் படம் அனுப்பிக்கொண்டிருந்த அண்ணன், ஒன்பது வருடங்களுக்கு முன் முதன்முறையாகக் கம்ப்யூட்டரில் கட்டடம் முழுவதையும் கட்டிவைத்திருந்த மாடலையே தங்கைக்கு அனுப்பினான். கணக்குப் போடுகிறவனுக்குத் தூண் என்பது ஒரு கோடு. அதனால் அவன் பீம்கள் இந்தத் தூணின் நடுவிலிருந்து அந்தத் தூணின் நடு வரை ஓடும். தங்கை கூடப்பிறந்தவனை நம்பி அப்படியே வெட்டச் சொன்னாள். பதினோரு பீம்கள் ஒரு சாண் நீளமாக வந்து, தூண்களுக்கு இடையே நுழையாமல் வெயிலில் கிடந்தன. அவள் கேட்டபோது அண்ணன் மாடலின் அடியில் இருந்த வரியைக் காட்டினான்: 'தகவலுக்கு மட்டும். இதை நம்பிச் செய்ய வேண்டாம்.' எஞ்சினியர்கள் எல்லோரும் போடுகிற வரிதான். ஆனால் அதைத் தங்கையிடம் விரல் வைத்துக் காட்டியவன் அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

அந்த வரி அவன் அனுப்பும் எல்லா மின்னஞ்சலிலும் தானாக ஒட்டிக்கொள்ளும்படி அலுவலகத்தில் செய்துவைத்திருந்தார்கள். அடுத்த வருடம் அவனிடமிருந்து ஒன்று வந்தது. 'பெண் பிறந்திருக்கிறது. எடை மூன்று கிலோ. தகவலுக்கு மட்டும். இதை நம்பிச் செய்ய வேண்டாம்.' தங்கை சொன்னபடி கேட்டாள். குழந்தையைப் பார்க்கப் போகவில்லை. அன்று முழுக்க அழுதாள் என்பதை மருந்துக் கடைக்காரர் மட்டும் அறிவார். தலைவலி மாத்திரை அவரிடம்தான் வாங்கினாள்.

பிறகு அண்ணன் மாடல் அனுப்புவான், அவள் திறக்க மாட்டாள். தாள் படங்களைப் பக்கத்தில் விரித்துவைத்து, அவன் ஒருமுறை கட்டிய கட்டடத்தைத் தானும் தன் கம்ப்யூட்டரில் முதல் செங்கலிலிருந்து இன்னொருமுறை கட்டுவாள். ஒவ்வொரு கட்டடமும் இப்படி இரண்டு தடவை பிறந்தது. ஆறு வாரம் பிடிக்கும். பேருந்து நிலையத்துக்கு நான்கு வாரம்தான் கொடுத்தார்கள், ஏனென்றால் பழைய கூரையை ஏற்கெனவே பிரித்துவிட்டிருந்தார்கள், ஜனங்கள் வெயிலில் நின்றார்கள். வேறு வழியில்லாமல் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மாடலைத் திறந்தாள். சூடு கண்ட பூனையல்லவா, ஒவ்வொரு பீமையும் தூண் முகத்தோடு வைத்து மூன்று முறை அளந்து குறைத்தாள். அவள் சந்தேகமெல்லாம் நீளத்தின் மேல்தான் இருந்தது. எடையைச் சந்தேகிக்க அவளுக்கு யாரும் காரணம் கொடுத்ததில்லை. மாடலில் ஒவ்வொரு பீமுக்கும் அண்ணன் வைத்திருந்த பெயர்களை அவள் படிக்கவே இல்லை. தொழிற்சாலை இயந்திரம் படித்தது, எடைக் கட்டத்தில் இருந்த பூஜ்யத்தையும் படித்தது, இருப்பதை இருக்கிறபடி செய்து அனுப்பியது.

சைட்டில் அவள் பீமைச் சுற்றி வந்தாள். விரலால் தள்ளினாள், நகர்ந்தது. ஒவ்வொரு பீமிலும் அதன் பெயரைத் தொழிற்சாலையில் உளியால் கொத்திவிடுவார்கள். மற்றவற்றில் எண்கள் இருந்தன. இதில் 'பாப்பா' என்று இருந்தது.

உலகத்தில் அவளை அப்படிக் கூப்பிட்டது மூன்று பேர். இரண்டு பேர் இப்போது இல்லை.

கணக்குக்கு வசதியாக எஞ்சினியர்கள் மாடலில் எடையே இல்லாத ஒரு பீமைப் போட்டுக்கொள்வார்கள். பாரத்தை அங்கிருந்து இங்கே கடத்திவிட அது உதவும். கட்டடத்தில் அது கிடையாது, தாளிலும் வராது. அதற்கு 'டம்மி' என்று பெயர். அவளுக்கு அது நன்றாகத் தெரியும். ஒன்பது வருடத்தில் ஏறாத வங்கி மாடிப் படியை மூச்சு வாங்க ஏறினாள்.

"டம்மிக்கு என் பேரா வச்சிருக்கே?"

அண்ணன் எழுந்து நின்றான். தலை பாதி நரைத்திருந்தது. "டம்மிய இரும்புல செய்யச் சொன்னது யாரு? கீழதான் எழுதியிருக்கேனே…"

"அந்த வரியை இன்னொரு தடவை சொன்னே, இந்த மேஜைய கவுத்துருவேன். என்னைப் பாத்தா உனக்கு டம்மியா தெரியுதா?"

கோப்பு அடுக்கிக்கொண்டிருந்த எழுத்தர் அம்மாள் தலையைத் தூக்கவில்லை. "எப்பவும் அந்தப் பேருதாம்மா. நான் வேலைக்குச் சேந்து இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. எந்த டம்மிக்கும் அவரு வேற பேரு வச்சு நான் பாத்ததில்ல."

அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினான். "அப்பா அம்மா போனப்ப சித்தப்பா எல்லாரு முன்னாடியும் சொன்னாரே, 'இருபது வயசுல உனக்கு எதுக்குடா இந்தப் பாரம், தங்கச்சிய ஹாஸ்டல்ல விட்டுடு'ன்னு. உனக்கு ஞாபகம் இருக்கா?"

"எனக்கு அப்ப பன்னெண்டு வயசு. ஞாபகம் இல்லாம என்ன? நீ ஒண்ணுமே பேசல."

"அங்க பேசல. வேலைக்குச் சேந்த முதல் வாரம், டம்மி போடறப்ப மாடல்ல ஒரு பெட்டி வந்துச்சு. பேரு என்னன்னு கேட்டுச்சு, உன் பேரைப் போட்டேன். எடை என்னன்னு கேட்டுச்சு, பூஜ்யம்னு போட்டேன். அப்பதான் சித்தப்பாவுக்குப் பதில் சொன்ன மாதிரி இருந்துச்சு. டம்மின்னு நெனச்சு வைக்கல, பாப்பா."

தங்கை நாற்காலியில் உட்கார்ந்தாள். இருபத்திரண்டு வருடமாக ஊரில் பாதிக் கட்டடங்களின் மாடல்களுக்குள் அந்தப் பெயர் இருந்திருக்கிறது, அதைப் பார்க்கக்கூடிய ஒரே ஆள் ஒன்பது வருடமாக மாடலைத் திறக்காமல் இருந்திருக்கிறாள். அவள் அழுதாள். எழுத்தர் அம்மாள் மின்விசிறியை ஒரு சுற்றுக் கூட்டிவைத்தார்.

அழுகை தீர்வதற்குள் போக்குவரத்துக் கழகத்தின் தர ஆய்வாளரிடமிருந்து போன் வந்தது. எடையில்லாத பீமைப் பற்றி விதிப் புத்தகத்தில் எதுவும் இல்லை என்பதால் அதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. யாரும் பொறுப்பேற்காத பீமைப் பற்றித்தான் விதி இருந்தது. மாடலில் 'நம்பிச் செய்ய வேண்டாம்' என்று எழுதியிருக்க, நம்பிச் செய்தது டீட்டெய்லர். சனிக்கிழமைக்குள் எஞ்சினியர் எழுதிக் கொடுக்காவிட்டால் அவள் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள், அவள் பிறகு எந்த அரசுக் கட்டடத்துக்கும் படம் போட முடியாது.

வெள்ளிக்கிழமை அண்ணன் சைட்டுக்கு வந்தான். மிதந்துகொண்டிருந்த பீமின் மேல் ஒவ்வொன்றாக மணல் மூட்டைகளை அடுக்கச் சொன்னான். நாற்பது மூட்டை ஏறியும் அது மயிரிழைகூட இறங்கவில்லை. கணக்கில் எவ்வளவு தாங்கும் என்று போட்டிருந்தானோ அவ்வளவும் தாங்கியது. பிறகு மாடலின் முதல் பக்கத்தை அச்சடித்து வரவழைத்து, சிமென்ட் மூட்டை மேல் வைத்து, அந்தப் பழைய வரியைப் பேனாவால் அடித்தான். எஞ்சினியர்கள் அந்த வரியை அடிப்பது சாதாரண விஷயமில்லை. பக்கத்தில் எழுதினான்: 'பாப்பா என் பொறுப்பு. நம்பிச் செய்யலாம்.' ஆய்வாளர் இரண்டு முறை படித்துவிட்டு, தேதி போடவில்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். தேதி போட்டான்.

பீமை இரண்டு பேர் ஏணியில் ஏறி, பட்டம் விடுவது போல் கயிற்றைப் பிடித்து இழுத்துப் போய் வைத்தார்கள். போல்ட்டுகளை முடுக்கிய பிறகுதான் கயிற்றை அவிழ்த்தார்கள். மற்ற முப்பத்தைந்தையும் கிரேனே தூக்கியதால் ஓட்டுநர் சமாதானமானார். மழைக்கு முன் கூரை முடிந்தது. அடுத்த கட்டடத்துக்கு அண்ணனின் மாடலைத் தங்கை முதல் நாளே திறந்தாள். இரண்டு வாரத்தில் படம் முடிந்தது. நடுவில் ஒருமுறை நீளத்துக்காகக் காட்டுக் கத்தலாகச் சண்டை போட்டார்கள், ஆனால் போனில் போட்டார்கள். டம்மிகளுக்கு அண்ணன் இப்போதும் அதே பெயர்தான் வைக்கிறான்; படத்துக்குப் போகும் முன் அவற்றைத் தங்கை எடுத்துவிடுகிறாள்.

நிலையம் திறந்த அன்று அவன் மகளை அழைத்து வந்திருந்தான். மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். அத்தையை அன்றுதான் முதலில் பார்க்கிறாள் என்றாலும், வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். மேலே கொத்தியிருந்த எழுத்து தெரியவில்லை என்று சொன்னதால் அத்தை அவளைத் தூக்கிக் காட்டினாள். எட்டு வருடம் தாமதமாகத் தூக்கியதில் நல்ல கனம் இருந்தது. இடுப்பு பிடித்துக்கொண்டது, இறக்கிவிட மனம் வரவில்லை.

"அத்தை, அது உங்க பேரா?"

"ஆமா."

"அது ஏன் பறந்து போகல?"

"போல்ட் போட்டிருக்குல்ல," என்றாள் அத்தை. பேருந்து வந்தது, மூவரும் ஏறிக்கொண்டார்கள்.