கிடையாத ஆள்

சூசைமரியான் யாரையும் நம்ப மாட்டார். முப்பத்தொரு வருசம் புதுவயல் அரிசி ஆலைகளுக்கு லாரி ஓட்டினவர். ஏற்றும்போது மூட்டையை எண்ணுவார், வழியில் சாப்பிட இறங்கினால் திரும்பி வந்து எண்ணுவார், இறக்கும்போது மறுபடியும் எண்ணுவார். கோயில் கூரைக்குத் தகடு வாங்கினபோது பங்குச் சாமியாரிடமே பில்லைக் கேட்டவர். அதனால், காரைக்குடிக்குப் பக்கத்தில் அவர் இருக்கிற பேரூராட்சியில் (பேரைச் சொன்னால் வீண் வம்பு) வீட்டு வரியை ஏற்றின வருசம் வரி கட்டுவோர் சங்கம் என்று ஒன்று கிளம்பியபோது, முதல் ஆளாகப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தார்.

சங்கத்துச் செயலாளர் காசிவிஸ்வநாதன். பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற செட்டியார், மேல வீதிக்காரர். எழுதுவதெல்லாம் அவர். அலைவதெல்லாம் சூசைமரியான். அஞ்சாம் வகுப்போடு நின்றவருக்கு அது ஏற்ற வேலையாகத்தான் இருந்தது.

ஊர்த் தெருக்களைக் கூட்டிப் பெருக்கக் குத்தகைக்காரர் எத்தனை ஆள் வைத்திருக்கிறார் என்று சங்கம் தகவல் அறியும் சட்டத்தில் கேட்டது. இருபத்திரண்டு பேர், இன்னின்னாருக்கு இன்னின்ன தெரு என்று பட்டியல் வந்தது.

"இதுல பாதிப் பேரு இருக்க மாட்டாக மரியான்" என்றார் செட்டியார். "பத்து நாள் விடியக்காலம் போய்ப் பாருங்க. போட்ட தெருவுல ஆள் இருக்கான்னு மட்டும் பாத்தாப் போதும்."

சூசைமரியான் போனார். மூன்று நாள் தெருத் தெருவாக நடந்தார். நாலாம் நாள் முழங்கால் வீங்கிவிட்டது. அதற்குப் பிறகு பாதித் தெருவை முக்குகளில் நின்றே பார்த்தார். மேல வீதி ஒரே நேர் வீதி. முக்கு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் கடைசி வீடு வரை தெரியும். அந்த வீதிக்கு இரண்டு பேர் போட்டிருந்தது, லட்சுமி, ஒச்சம்மாள் என்று. லட்சுமி தினமும் கூட்டினாள். இன்னொருத்தியைக் காணோம். பத்தாம் நாள் பதினாறு பேருக்கு நேரே டிக் விழுந்தது, ஆறு பேருக்கு விழவில்லை.

செட்டியார் புகாரை எழுதினார். இந்த ஆறு பேரும் கிடையாத ஆட்கள், பத்து நாளும் வீதி வீதியாக நடந்து என் கண்ணால் பார்த்தேன் என்று கடைசியில் ஒரு வரி.

"நடந்து பாத்தீகள்ல?"

"பின்னே?" என்று சூசைமரியான் கையெழுத்துப் போட்டார்.

ஒரு மாதம் கழித்து, புகாரின் பேரில் ஒருவர் வேலையிலிருந்து நீக்கம் என்று பேரூராட்சிச் செயல் அலுவலரிடமிருந்து கடிதம் வந்தது. அதைப் போட்டோ எடுத்து, நடுவில் சூசைமரியானை நிறுத்தி, சங்கத்து வாட்ஸப்பில் போட்டார்கள். ஆறில் ஒன்றுதானா என்று அவருக்குக் கோபம்தான். ஆனாலும் அந்தப் போட்டோவை மனைவி சந்தனமேரியிடம் இரண்டு தரம் காட்டினார்.

அடுத்து வந்த மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்த நேரம், கேட்டுக்கு வெளியே ஒரு பொம்பளை வந்து நின்றாள். ஐம்பது வயசு இருக்கும். ஒல்லியாக, கறுப்பாக, காதில் ஒன்றும் இல்லாமல்.

"சூசைமரியான் வீடு இதானே?"

"ஆமா. யாரும்மா நீ?"

"நாந்தான் அந்தக் கிடையாத ஆளு."

அவருக்கு விளங்கவில்லை. "ஒச்சம்மா" என்றாள் அவள். "நல்லாப் பாத்துக்கங்க. கை இருக்கு, காலு இருக்கு. தொட்டும் பாத்துக்கங்க, ஒங்க வீட்டம்மா ஒன்னும் சொல்ல மாட்டாக."

சந்தனமேரி நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவள் உட்காரவில்லை.

"ஒனக்கு மேல வீதிதானே போட்டிருந்துச்சு?" என்றார் சூசைமரியான். குரலை உயர்த்தித்தான் கேட்டார். "பத்து நாளும் பாத்தேன். லட்சுமி மட்டுந்தான் நின்னுச்சு."

"லட்சுமி முகப்புப் பக்கம். நான் பின்வாசப் பக்கம்."

கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது.

செட்டிநாட்டு வீட்டைப் பற்றி இவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முகப்பு ஒரு வீதியில் இருக்கும், கட்டு கட்டாக உள்ளே போய்ப் பின்வாசல் அடுத்த வீதியில் திறக்கும். அந்தப் பின்வீதிக்குத் தனிப் பேர் கிடையாது. கதவெல்லாம் மேல வீதி வீடுகளின் கதவு. வரி ரசீதிலும் மேல வீதிதான், வேலைப் பட்டியலிலும் மேல வீதிதான்.

"லாரி ஓட்டுனவுகதானே நீங்க?" என்றாள் ஒச்சம்மாள். "மூட்டைய முகப்பு வழியாவா எறக்குனீக?"

இல்லை. முப்பத்தொரு வருசமும் பின்வாசலில்தான் இறக்கினார். எந்தக் கதவுக்கு லாரியை ரிவர்ஸில் எடுக்க வேண்டும், எந்தப் படி உடைந்தது என்பது வரைக்கும் தெரியும். பெஞ்சிலிருந்து எழுந்து அங்குட்டுத் திரும்ப ஐம்பது தப்படி. நடக்கவில்லை. லட்சுமி தனியாகக் கூட்டுவதைப் பார்த்ததும், திருட்டு சிக்கிவிட்டது என்று மனசு குளிர்ந்து போய் உட்கார்ந்திருந்தார்.

"மத்த அஞ்சு பேரு?" என்று கேட்டார்.

"அவுக எல்லாம் குத்தகை மேஸ்திரி சேவுகனோட மச்சினன், மச்சினிச்சி வகையறா. ஆபீசுல ஆதார் கார்டோட கொண்டாந்து நிறுத்திட்டான். விளக்குமாத்தத் தொட்டதே இல்ல அதுக. ஒருத்தரையாவது எடுத்தாத்தான் சங்கத்துக்காரவுக வாய் மூடும்னு பேசிக்கிட்டாக. எனக்கு யாரு இருக்கா? தூக்கிட்டாக. கேக்கப் போனா அந்தச் சேவுகன், நான் என்ன செய்ய, பெரிய மனுசர் நேர்ல பாத்து எழுதிருக்காருன்னு ஒங்க கையெழுத்தைக் காட்டுறான்."

போகும்போது அழவுமில்லை, வையவுமில்லை. கேட்டைத் தாழ் போட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் விடியலில் பின்வீதிக்குப் போனார். குப்பை ஒவ்வொரு கதவுக்கும் முன்னால் மேடு தட்டிக் கிடந்தது. தண்ணீர் தெளிக்க வந்த ஒரு வீட்டு வேலைக்காரி, "ஒச்சம்மாக்கா வாறதில்ல அய்யா. எவனோ எழுதிப் போட்டானாம்" என்றாள். சூசைமரியான் "அப்படியா" என்றார். அதைச் சொன்னதற்கும் சேர்த்து வழி நெடுக வெட்கப்பட்டார்.

அங்கிருந்து நேரே செட்டியார் வீட்டுக்குப் போனார். செட்டியார் முழுவதையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"புதன்கிழமை மாவட்டத்துலேருந்து ஆபீசர் விசாரணைக்கு வாராரு. மிச்ச அஞ்சு பேரையும் அன்னைக்குப் பிடிச்சிடலாம். நீங்க போய் ஒன்னு தப்புன்னு சொன்னா, அஞ்சும் தப்புன்னுருவான்."

"அந்தப் பொம்பளைக்கு வேலை போச்சே செட்டியாரே."

"கேஸ் முடியட்டும். நானே எங்கயாச்சும் சொல்லி விடுறேன். ஊருக்கு நல்லது பண்றப்ப ஒன்னு ரெண்டு அப்படி இப்படித்தான் ஆகும்."

"நான் நடக்கல, செட்டியாரே."

"என்னது?"

"நாலாம் நாள்லேருந்து நடக்கல. கால் வலி. பெஞ்சுல உக்காந்து பாத்தேன்."

செட்டியார் துடைத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இதை என்கிட்டச் சொன்னதோட விட்டுருங்க" என்றார் பிறகு.

விட்டுவிடலாம் என்றுதான் சூசைமரியானும் நினைத்தார். அஞ்சு திருட்டுப் பேரைத் தப்பவிடுவதும் பாவம்தானே என்று செவ்வாய்க்கிழமை முழுக்கத் தனக்குத்தானே வக்கீல் வேலை பார்த்தார். சாயங்காலம் சந்தனமேரியிடம் அதையே சொன்னார். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே, "நீங்க மத்தவுகளப் பத்திப் பேசுற மாதிரியே ஒங்களப் பத்தியும் ஒரு தரம் பேசிப் பாருங்களேன்" என்றாள். அவருக்குச் சுருக்கென்றது. லாரியில் ஒரு மூட்டை குறைந்தால் முதலில் டிரைவரைத்தான் பிடிக்க வேண்டும் என்பார், இங்கே டிரைவர் அவரே.

புதன்கிழமை பேரூராட்சி ஆபீஸ் கூடத்தில் ஒரு பக்கம் சங்கத்துக்காரர்கள், ஒரு பக்கம் சேவுகனும் அவன் கூட்டமும். ஒச்சம்மாள் கதவை ஒட்டி நின்றாள். ஆபீசர் வயசில் சின்னவர். காகிதத்தைப் பார்த்துக் கேட்டார்.

"பத்து நாளும் நடந்து பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். சரிதானே?"

செட்டியார் இவர் முகத்தைப் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்தார்.

"இல்லீங்க" என்றார் சூசைமரியான். "மூணு நாள்தான் நடந்தேன். பின்வீதிக்கு ஒரு நாளும் போகல. போகாமலே கையெழுத்துப் போட்டேன். இந்தா நிக்கிறாளே, இவ வேலை பார்த்த பொம்பளை. மத்த அஞ்சு பேரும் கள்ளப் பேருதான்."

"அவர்களையும் நீங்கள்தானே பார்க்கவில்லை என்றீர்கள்?"

"ஆமா."

"அதையும் நடக்காமல்தானே சொன்னீர்கள்?"

சேவுகன் பக்கம் யாரோ சிரித்தார்கள்.

சொன்னதை எழுதிக் கொடுக்கச் சொன்னார் ஆபீசர். சூசைமரியான் செட்டியாரைப் பார்த்தார். செட்டியார் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சூசைமரியானே எழுதினார். நாலு வரிக்கு இருபது நிமிசம் ஆனது. கூடமே காத்துக்கொண்டிருந்தது.

"வாசிக்கச் சொல்லுங்க" என்றாள் ஒச்சம்மாள் கதவிலிருந்து. "அன்னைக்கு என்னைய வச்சுக்கிட்டா எழுதுனாரு? இன்னைக்காச்சும் காதால கேக்குறேன்."

கிளார்க் வாசித்தார். பார்க்காமல் எழுதினேன் என்ற இடம் வந்தபோது, "அத இன்னொரு தரம்" என்றாள். இன்னொரு தரம் வாசித்தார்.

ஒச்சம்மாளை ஒன்றாம் தேதியிலிருந்து திரும்பச் சேர்க்க வேண்டும், மற்றப் புகார் ஆதாரமில்லாததால் முடிக்கப்படுகிறது என்று ஆபீசர் எழுதி எழுந்தார். சங்கத்துக்காரர்கள் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கொண்டே வெளியே போனார்கள். போகிற போக்கில் ஒருத்தர், "எவ்வளவு வாங்குனாரோ" என்றார். சூசைமரியானுக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் இவர் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

படியிறங்கும்போது பின்னால் வந்து தோளில் கை போட்டான் சேவுகன்.

"மனுசன்னா இப்படில்ல இருக்கணும்! எங்க வயித்துல பால வார்த்தீக பெரியப்பா. ஏறுங்க வண்டியில, வீட்டுல எறக்கி விடுறேன்."

வாசலில் ஒச்சம்மாள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கினாள். சேவுகனின் கையைப் பார்த்தாள், அது கிடந்த தோளைப் பார்த்தாள்.

"எடுறா கைய" என்றார் சூசைமரியான்.

சேவுகன் எடுத்துவிட்டான். அதற்குள் அவள் ரோட்டில் இறங்கிப் பத்து எட்டு போயிருந்தாள். கூப்பிட்டிருக்கலாம். என்ன முறை வைத்துக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.