மணிக்கட்டில் பூத்த அவரை

சலூன்காரரின் வலது மணிக்கட்டில் அவரை பூத்தது ஒரு புதன்கிழமை, கடையை மறுபடி திறந்த முதல் நாள். மூன்று பேர் காத்திருந்தார்கள். ஒருவருக்கு முடிவெட்டு, மற்ற இருவருக்கும் சவரம்.

அதற்கு முந்தின வருஷம்தான் சுவர்க்கண்ணாடி கழன்று விழுந்து அந்த மணிக்கட்டைக் கிழித்தது. தையல் போட்ட டாக்டரம்மா ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: நரம்பு என்பது ஒற்றைக் கயிறு இல்லை, உறைக்குள்ளே கட்டுக்கட்டாக நார், அறுந்த நார் வளர்ந்து விரல்வரை போனால்தான் உணர்ச்சி வரும், போகாமலும் இருக்கலாம். பாவம் மனுஷர், கத்தி பிடித்த கையில் சீப்புகூட நிற்கவில்லை. அடைத்த கடைக்குள் உட்கார்ந்து ஈ ஓட்டினார், அதையும் இடது கையால். கடையை விற்றுவிட்டு எங்களோடு வந்து இருங்கள் என்று மாமனார் வேறு நச்சரித்தார். சலூன்காரருக்கு வேறு தொழில் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை.

மனைவி அந்தக் கைக்கு மட்டை வைத்துக் கட்டி, ஜன்னலோரம் அவரைத் தொட்டிக்குப் பக்கத்தில் வெயில் படும்படி நீட்டி வைப்பாள். செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது இதற்கும் கொஞ்சம் தெளித்து, "ரெண்டும் ஒண்ணா வளரட்டும்" என்று சீண்டுவாள். கொடி அவள் பேச்சைத் தட்டவில்லை. தழும்பு வழியாக உள்ளே நுழைந்து, நரம்பு அறுந்த இடத்தில் தன் நாரைக் கொடுத்துவிட்டு, தொட்டியிலிருந்து தானாகக் கழன்றுகொண்டது. வலியே இல்லை, லேசான கூச்சம்தான். ஒரு காலையில் கட்டைவிரல் அசைந்து சூரியன் பக்கம் திரும்பியது. மனைவி வாய்விட்டு அழுதாள், அப்புறம் காபி போட்டாள்.

படம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, வெள்ளைக் கட்டுகளுக்கு நடுவே ஒரு பச்சைக் கட்டைக் கண்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். வெட்டி எடுக்கலாம், ஆனால் கை பழையபடி மரத்துவிடும் என்றார். இருந்துவிட்டுப் போகட்டும் என்றார் சலூன்காரர்.

அப்படித்தான் கடை திறந்தது, பூவும் திறந்தது. பூக்கிற கையிடம் எவன் கழுத்தைக் கொடுப்பான்? அவசர வேலை ஞாபகம் வந்து மூன்று பேரும் நழுவினார்கள். சலூன்காரர் கத்தியை மடக்கி வைக்கப் போனார். கடையை விலை பேசத்தான் மாமனார் வந்திருந்தார். அவர் சட்டைக் காலரை மடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எம் பொண்ணையே உங்க கையில குடுத்தேன் மாப்ள. இந்தக் கழுத்து என்ன பெரிசா? வழிங்க."

ஒவ்வொரு மயிர்க்காலும் விரலுக்குத் தெரிந்தது. வெயில் நகர நகர கை அந்தப் பக்கமே போனது. மாமனாரும் முனகிக்கொண்டே நாற்காலியை நகர்த்திக்கொண்டார். ஒரு கீறல் விழவில்லை.

இப்போது அங்கே காலையில் கிழக்கு முகமாகவும் மாலையில் மேற்கு முகமாகவும் உட்கார வேண்டும். மேகம் போட்டால் கடை லீவு. காய்க்கிற மாதங்களில் வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு பிடி அவரைக்காய் இலவசம். காய் நார் பாய்ந்து கிடக்கிறது என்று மாமனார் மட்டும் வாராவாரம் குறை சொல்கிறார், முதல் ஆளாக வந்து உட்கார்ந்துகொண்டு.